மழை நின்றதும் வருகிறவர்கள்

எத்தியோப்பியாவுக்கு எப்போது போகலாம் என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வருகிறது: அக்டோபரிலிருந்து பிப்ரவரிக்குள் போய்விடுங்கள், மழை இருக்காது. பதிலில் பிழையில்லை. அடிஸ் அபாபாவில் ஆண்டுக்கு 1,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. அதில் ஏறக்குறைய பாதி ஜூலை, ஆகஸ்ட் இரண்டே மாதங்களில் கொட்டித் தீர்த்துவிடும். நவம்பரிலும் டிசம்பரிலும் மலைப்பாதை உலர்ந்திருக்கும், சிகரங்கள் மேகத்துக்குள் மறையாது, ஓடைகளை நடந்தே கடக்கலாம். ஆனால் பயண நூல்கள் இந்த மாதங்களைப் பற்றிச் சொல்வதில் ஒரு குறை இருக்கிறது. வானம் எப்படி இருக்கும் என்று சொல்கின்றன. அந்த வானத்தின் கீழே வாழ்கிறவர்கள் அப்போது என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்று சொல்வதில்லை. வாசிக்கிறவருக்கு, அந்த மாதங்களை நாடே வெளியூர்க்காரர்களுக்காக ஒழித்து வைத்திருப்பதுபோல் தோன்றிவிடுகிறது. உண்மையில் அங்குள்ளவர்களின் ஆண்டில் கை ஓயாத மாதங்கள் அவைதான். அவற்றுக்குள் நுழைய நாள் குறிக்கிறவர்கள் அதைத் தெரிந்துகொண்டு குறிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இந்தப் பயணத்துக்கான ஏற்பாடுகளில் இறங்கியதிலிருந்து என் மனம் விமானச் சீட்டைவிட அதிகமாகச் சுற்றிவருவது இதைத்தான்.

முதலில் உயரத்தைச் சொல்ல வேண்டும். ஆப்பிரிக்கா என்றதும் நமக்குத் தோன்றும் வெயிலும் சமவெளியும் இங்கே செல்லாது. தலைநகர் 2,300 மீட்டருக்கு மேல் இருக்கிறது. நம் உதகையைவிட உயரம். ஆப்பிரிக்கக் கண்டத்தில் 3,000 மீட்டருக்கு மேலுள்ள நிலத்தின் பெரும்பங்கு இந்த ஒரு நாட்டில்தான். எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக உறைந்து எழுந்த மேட்டுநிலம் அது. ஆறுகள் அதை அறுத்து அறுத்து, இந்த மேட்டிலிருந்து எதிர்மேட்டுக்காரரைக் கூப்பிட்டால் கேட்கும், நடந்துபோனால் ஒரு நாளாகும் என்ற அளவுக்குப் பள்ளத்தாக்குகளை உண்டாக்கிவிட்டன. அங்குள்ள உழவர்கள் தங்கள் நிலத்தை உயரத்தைக் கொண்டே பிரிக்கிறார்கள். சுமார் 1,500 மீட்டருக்குக் கீழே வெப்பமான கொல்லா, சோளத்துக்கு உரியது. அதற்கு மேலே வொய்னா தெகா, தெஃப் என்னும் சிறுதானியத்துக்கு. இன்னும் மேலே குளிர்ந்த தெகா, வாற்கோதுமைக்கு. அதையும் தாண்டினால் உறைபனி விழும் உர்ச். அங்கே பெரும்பாலும் புல்லும் ஆடுகளும்தான். எந்த உயரத்தில் பிறந்தவர் என்று தெரிந்தால் என்ன விதைப்பார், என்ன உண்பார், எப்போது அறுப்பார் என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

நிலத்தையும் பொழுதையும் சேர்த்து முதற்பொருள் என்று வகுத்த மரபில் வந்தவர்களுக்கு இது அந்நியமான சிந்தனை இல்லை. குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும் பெரும்பொழுது. ஐப்பசியிலிருந்து தை வரை. எத்தியோப்பிய வானிலைத் துறை ஆண்டை மூன்றாகப் பிரித்து, அக்டோபரிலிருந்து ஜனவரி வரையிலான உலர்ந்த பருவத்துக்குப் பெகா என்று பெயர் சொல்கிறது. பிப்ரவரி முதல் மே வரை சிறுமழைப் பருவம், பெல்க். ஜூன் முதல் செப்டம்பர் வரை பெருமழை, கிரெம்த். ஆக, நம் குறிஞ்சிப் பொழுதும் அவர்களுடைய பெகாவும் கிட்டத்தட்ட ஒரே மாதங்கள்தான். நமக்கு அவற்றில் அடைமழை, அவர்களுக்குத் துளி இல்லை. காரணம் ஒரே காற்று. மழைப் பட்டை தெற்கே இறங்கியதும் வடகிழக்கிலிருந்து வீசத் தொடங்கும் காற்று, வங்கக் கடலைக் கடந்து வருவதால் நமக்கு ஈரத்தைச் சுமந்து வருகிறது. அரேபியப் பாலைவனத்தைக் கடந்து போவதால் அவர்களை உலர்த்திவிட்டுப் போகிறது. இந்தத் தொடர்பு எவ்வளவு இறுக்கமானது என்பது 2015-இல் தெரிந்தது. அந்த ஆண்டு வலுவான எல் நினோ. எத்தியோப்பியாவில் கிரெம்த் பொய்த்தது. மறு ஆண்டு ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு உணவு உதவி தேவைப்பட்டது. எல் நினோ ஆண்டுகளில் வடகிழக்குப் பருவமழை மிகுவது வழக்கம். அந்த டிசம்பரில் சென்னை மூழ்கியது. இரண்டையும் ஒரே செய்தியாக நாம் அன்று வாசிக்கவில்லை.

அங்கே போக நாள் குறிக்கிறவர் முதலில் நாட்காட்டியை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. முப்பது முப்பது நாளாகப் பன்னிரண்டு மாதம், கடைசியில் ஐந்தோ ஆறோ நாள் கொண்ட பகுமே என்ற பதின்மூன்றாம் மாதம். புத்தாண்டு செப்டம்பர் 11-இல், மழை விடைபெறும் நேரத்தில் பிறக்கிறது. ஆண்டுக் கணக்கு நம்முடைய ஆங்கில ஆண்டைவிட ஏழோ எட்டோ குறைவு. பொழுதை விடியலிலிருந்து எண்ணுகிறார்கள். காலை ஏழு மணி அங்கே ஒரு மணி. சூரிய உதயத்திலிருந்து நாழிகை எண்ணிய நம் தாத்தாக்களுக்கு இது உடனே பிடிபட்டிருக்கும். பேருந்து பன்னிரண்டு மணிக்குக் கிளம்பும் என்று சொன்னால் காலை ஆறு மணி என்று பொருள். 1960-களில் எத்தியோப்பியச் சுற்றுலாவைக் கட்டியெழுப்பிய ஹப்தெ செலாசி தஃபெசே, தன் நாட்டைப் பதின்மூன்று மாத வெயிலின் நாடு என்று உலகத்துக்கு அறிமுகம் செய்தார். அழகான வாசகம். ஆனால் அந்த நாட்டுக்குச் சோறு போடுவது வெயிலில்லாத அந்த மூன்று நான்கு மாதங்கள்தான் என்பதை அது சொல்லாமல் விட்டுவிட்டது.

திட்டமிடப் படிக்கப் படிக்க எனக்குத் தெளிவான ஒன்று உண்டு. மழை நின்றதும் இந்த நாட்டின் கதவு திறக்கிறது. திறந்த கதவு வழியே வந்தவர்கள் எல்லோரும் விருந்தாளிகள் இல்லை. கிரெம்த் காலத்தில் ஆறுகள் பெருகி, கரிசல் மண் காலை விடாமல் பிடித்துக்கொண்டு, மேட்டுநிலம் தானே ஒரு கோட்டையாகிவிடும். அதனால் இங்கே படையெடுத்தவர்கள் பலரும் மழை நிற்கும் நாளைக் கணக்கிட்டுத்தான் வந்தார்கள்.

1867-68-இல் பிரிட்டிஷ் படை பேரரசர் தெவோத்ரோஸ் மீது தொடுத்த போர், வறண்ட பருவப் பயணத் திட்டம் என்ற வகையில் அச்சுறுத்தும் துல்லியம் கொண்டது. அது புறப்பட்டதே இந்தியாவிலிருந்து. அக்டோபரில் முன்னணிப் படை செங்கடல் கரையிலுள்ள சூலாவில் இறங்கியது. தளபதி நேப்பியர் ஜனவரியில் வந்து சேர்ந்தார். துறைமுகம் கட்டினார்கள், கரையிலிருந்து மலையடிவாரம் நோக்கி இருப்புப்பாதை போட்டார்கள், பீரங்கிகளைச் சுமக்க 44 யானைகளைக் கொண்டுவந்தார்கள். மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படைப் பிரிவுகளும் அதில் இருந்தன. மலையில் பாதை வெட்டியதில் நம்மூர்க் கைகளுக்கும் பங்குண்டு. சுமார் 600 கிலோமீட்டர் ஏறி, 1868 ஏப்ரல் 13-இல் மக்தலா கோட்டையைப் பிடித்தார்கள். தெவோத்ரோஸ் பிடிபட மறுத்துத் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். படை கோட்டையைக் கொளுத்தி, தோல் சுவடிகளையும் வழிபாட்டுப் பொருள்களையும் யானைகளிலும் கோவேறு கழுதைகளிலும் ஏற்றிக்கொண்டு, அடுத்த பெருமழைக்கு முன் மலையிலிருந்து இறங்கிவிட்டது. அந்தச் சுவடிகளில் நூற்றுக்கணக்கானவை இன்றும் லண்டனில் இருக்கின்றன. எத்தியோப்பியர்கள் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு இத்தாலி. 1896 மார்ச் 1-ஆம் தேதி அத்வாவில் எத்தியோப்பியப் பேரரசர் மெனெலிக்கின் படை இத்தாலியரை முறியடித்தது. முந்தைய செப்டம்பரில், மழை ஓயும் வேளையில் அவர் விடுத்த அழைப்பை ஏற்று நாடெங்கிலுமிருந்து நடந்து வந்த உழவர்களின் படை அது. தோற்ற இத்தாலி நாற்பது ஆண்டு காத்திருந்து மறுபடி வந்தது, 1935 அக்டோபர் 3-ஆம் தேதி. அப்போதும் மழை நிற்கத்தான் காத்திருந்தது. 2020 நவம்பரில் வட மாநிலமான டிக்ரேயில் உள்நாட்டுப் போர் தொடங்கியபோது வயலில் பயிர் முற்றி நின்றது. வெட்டுக்கிளிகள் தின்றது போக எஞ்சியதையும் பல ஊர்களில் அறுக்க முடியவில்லை. அக்டோபரில் போங்கள், வானம் தெளிவாக இருக்கும் என்ற யோசனையைப் படைத்தலைவர்களும் கேட்டிருக்கிறார்கள். நாட்காட்டியில் என் விரல் ஓடும்போது இந்தத் தேதிகளும் கூடவே வருகின்றன. பயணியின் பருவமும் படையின் பருவமும் ஒன்றாக இருக்கும் நாட்டில், பயணி எந்த மாதிரி நடந்துகொள்கிறார் என்பது சின்ன விஷயம் ஆகாது.

சரி, அந்த மாதங்களில் உழவர்கள் என்ன செய்கிறார்கள்? தெஃப் அறுக்கிறார்கள். உலகத்தின் மிகச் சிறிய தானியங்களில் ஒன்று தெஃப். ஒரு கோதுமை மணியின் எடைக்கு ஏறக்குறைய 150 தெஃப் மணிகள் வேண்டும். கைதவறி விழுந்தால் பொறுக்க முடியாது. எத்தியோப்பியர்களின் அன்றாட உணவான இஞ்செரா இந்த மாவைப் புளிக்கவைத்துச் சுடுவதுதான். விதைப்பது ஜூலை ஆகஸ்டில், கரிசல் சேற்றில், கைவீச்சில். அறுப்பது நவம்பர் டிசம்பரில், அரிவாளால், உட்கார்ந்தும் குனிந்தும். கட்டுகளாக்கிப் போர் போட்டு வைக்கிறார்கள். பிறகு களம் தயாராகிறது. வயலோரத்தில் வட்டமாக மண்ணைச் செதுக்கி, நீர் தெளித்துக் கெட்டித்து, மேலே சாணம் கரைத்து மெழுகி, வெடிப்பு விழாமல் காயவிடுகிறார்கள். தானியம் அவ்வளவு பொடி என்பதால் ஒரு விரிசல் இருந்தாலும் நட்டம். காய்ந்த களத்தில் கதிரைப் பரப்பி மாடுகளை வட்டமாக ஓட்டுகிறார்கள். பிணையல் கட்டிப் போரடித்த ஊர்களில் வளர்ந்தவர்கள் அந்தக் காட்சியைப் படத்தில் பார்த்தாலே நின்றுவிடுவார்கள். வைக்கோலை மரக் கவைகளால் அள்ளி உதறிய பிறகு, காற்றுக்காகக் காத்திருந்து தூற்றுகிறார்கள். காற்று பலமாக அடித்தால் மணியும் பறந்துவிடும். அடிக்காவிட்டால் உமி போகாது. தெஃப் வைக்கோலும் வீணாவதில்லை. மாட்டுக்குத் தீவனம் போக மிச்சத்தை மண்ணோடு பிசைந்து சுவருக்குப் பூசுகிறார்கள்.

இந்த வேலைகள் எதற்கும் மழை ஆகாது. நவம்பரில் எதிர்பாராமல் ஒரு மழை வந்தால் போரில் இருக்கும் தெஃப் கறுத்துப்போகும், முளைவிடும். தெளிந்த வானம் வேண்டும் என்று நாம் ஆசைப்படுவது படம் பிடிக்க. அவர்கள் அதையே கேட்டு வேண்டிக்கொள்வது ஓர் ஆண்டின் சோற்றுக்காக. ஒரே வானம்தான், இரண்டு வேண்டுதலின் எடையும் ஒன்றாகிவிடாது.

இன்னொரு தானியத்தையும் சொல்லாமல் போக மனம் வரவில்லை. நம் கேழ்வரகு பயிராகப் பழக்கப்பட்டது எத்தியோப்பியாவிலிருந்து உகாண்டா வரை நீளும் இதே கிழக்காப்பிரிக்க மேட்டுநிலங்களில்தான். எத்தியோப்பியாவில் அதற்குத் தகுசா என்று பெயர். சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் கடந்து வந்து, தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் களியாகித் தலைமுறை தலைமுறையாக வயிறு நிறைத்த தானியத்துக்குத் தாய்வீடு அது. காப்பிக்கும் அதே தாய்வீடுதான் என்பது எல்லோருக்கும் தெரியும். கேழ்வரகைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அறுவடையோடு நோன்பும் சேர்ந்துகொள்கிறது. எத்தியோப்பிய மரபுவழித் திருச்சபையைச் சேர்ந்தவர்கள் ஜனவரி 7-இல் வரும் கிறிஸ்து பிறப்புத் திருநாளான கென்னாவுக்கு முன், நவம்பர் 25-இல் தொடங்கி நாற்பது நாளுக்கும் மேல் நோன்பிருக்கிறார்கள். இறைச்சி, முட்டை, பால், நெய் எதுவும் கிடையாது. மரக்கறி உண்பவர்களுக்கு இதைவிட நல்ல பருவம் இல்லை. எந்தச் சாலையோரக் கடையிலும் அகன்ற இஞ்செரா மேல் மசூர் பருப்புக் குழம்பு, கொண்டைக்கடலை மாவில் காய்ச்சிய ஷிரோ, கீரை, பீட்ரூட், முட்டைக்கோஸ் என்று வட்டமாக வைத்துத் தருவார்கள். ஒரே தட்டில் எல்லோரும் கையால் எடுத்து உண்பார்கள். பட்டினியோடு களத்தில் உழைக்கிறவர்கள் அவர்கள் என்பதையும் அந்தத் தட்டின் முன் உட்காரும்போது நினைத்துக்கொள்ள வேண்டும்.

மழை நின்றதும் வருகிறவர்களில் யாத்திரிகர்களே மூத்தவர்கள். லாலிபெலாவில் சுமார் 2,500 மீட்டர் உயரத்தில் பாறையைக் குடைந்த பதினோரு ஆலயங்கள் இருக்கின்றன. 12-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஆண்ட லாலிபெலா என்ற அரசர் பெயரால் அறியப்படுபவை. கழுகுமலை வெட்டுவான்கோயிலைப் போல மேலிருந்து கீழாக வெட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். சிலுவை வடிவில் தரைக்குள் இறங்கி நிற்கும் ஜார்ஜ் ஆலயத்தின் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. அந்தப் பாறை மென்மையான எரிமலைக் கல். மழை அதைத் தின்கிறது. கட்டியவர்களுக்கும் இது தெரிந்திருந்தது. சுற்றிலும் வடிகால் பள்ளங்களை அவர்களே வெட்டி வைத்திருக்கிறார்கள். 2008-இல் ஐரோப்பிய நிதியில் சில ஆலயங்களுக்கு மேல் பெரிய உலோகக் கூரைகள் எழுந்தன. மழையைத் தடுக்கின்றன, ஆனால் அவற்றின் கனம் பாறைக்கு ஆபத்தாகிவிடுமோ என்று அங்குள்ள குருமார்களும் மக்களும் கவலைப்படுகிறார்கள். கென்னாவுக்கு அங்கே வெண்ணிறப் போர்வை போர்த்திய ஆயிரக்கணக்கானோர் பல நாள் நடந்து வந்து சேர்கிறார்கள். ஜனவரி 19-இல் கிறிஸ்துவின் திருமுழுக்கைக் கொண்டாடும் திம்கெட் விழாவில் கோந்தரிலுள்ள ஃபாசிலிதெஸ் குளத்தில் குருமார்கள் நீரை ஆசீர்வதித்ததும் இளைஞர்கள் உள்ளே குதிக்கிறார்கள். உலர்ந்த பருவத்தின் நடுவில் ஒரு நாட்டின் பெருவிழா நீருக்காக நடக்கிறது.

எத்தியோப்பியாவையும் வறட்சியையும் சேர்த்துச் சொன்னால் நம் தலைமுறைக்கு 1984-இன் பஞ்சப் படங்கள்தான் கண்ணில் வரும். எலும்பும் தோலுமான குழந்தைகள், வெடித்த நிலம். அந்தப் படங்கள் ஒரு நாட்டின் முகத்தையே மாற்றி எழுதிவிட்டன. ஆண்டுதோறும் வரும் பெகா வறட்சியாகாது. கிரெம்த் வராமல் போவதுதான் வறட்சி. அதுவும் தனியாக யாரையும் கொல்வதில்லை. 1973-இல் வொல்லோ மாகாணத்தில் நடந்த பஞ்சத்தைப் பொருளியல் அறிஞர் அமர்த்திய சென் ஆராய்ந்து, நாட்டின் மொத்த விளைச்சல் பெரிதாகக் குறையாதபோதும் வொல்லோ மக்களிடம் தானியம் வாங்கும் சக்தி இல்லாமல் போனதால் செத்தார்கள் என்றும், அங்கிருந்து தானியம் வெளியேகூடப் போனது என்றும் 1981-இல் வெளியான தன் நூலில் காட்டினார். 1984-இல் வறட்சியோடு உள்நாட்டுப் போரும் இருந்தது. அந்த நாட்டுக்குப் போகிறவர் இந்தப் படங்களைத் தலைக்குள் வைத்துக்கொண்டு போனால், பச்சையும் பொன்னுமாய் விளைந்து கிடக்கும் டிசம்பர் வயலைக் கண்டு வியந்து நிற்பார். அந்த வியப்பு அவர்களுக்கு மரியாதை இல்லை.

பெகாவில் இன்னொரு வேலையும் நடக்கிறது. என்னை இந்தப் பயணத்துக்கு இழுப்பதில் அதற்கே முதலிடம். அறுவடை முடிந்ததும், ஜனவரி பிப்ரவரியில், டிக்ரேயிலும் அதை அடுத்த அம்ஹாரா மாநிலத்திலும் ஊர் ஊராக மக்கள் மலைச்சரிவுக்குப் போய்க் கல்வரப்புகள் கட்டுகிறார்கள், பள்ளம் வெட்டுகிறார்கள், அடுத்த மழையை மண்ணுக்குள் இறக்க வழி செய்கிறார்கள். கூலியில்லாத வேலை, நம் குடிமராமத்தைப் போன்றது. முழுக்கத் தாமாக வந்து செய்கிறார்கள் என்று சொல்லிவிட முடியாது. நிர்வாகத்தின் நெருக்குதலும் அதில் உண்டு. ஆனால் விளைவு கண்ணுக்குத் தெரிகிறது. மக்தலா படையெடுப்பின்போது 1868-இல் எடுத்த புகைப்படங்களைக் கையில் வைத்துக்கொண்டு ஆய்வாளர்கள் அதே இடங்களில் நின்று மீண்டும் படமெடுத்தார்கள். பல சரிவுகளில் அன்றைவிட இன்று மரமும் செடியும் கூடுதலாக இருந்தன. படையோடு வந்த புகைப்படக் கருவி ஒன்றரை நூற்றாண்டு கழித்து அந்த மக்களின் உழைப்புக்குச் சாட்சி சொன்னது. டிக்ரேயில் அப்ரெஹா வெ அட்ஸ்பெஹா என்ற ஊர் இப்படித்தான் வற்றிய கிணறுகளில் நீர் ஊறவைத்து 2012-இல் ஐக்கிய நாடுகளின் பூமத்தியரேகைப் பரிசைப் பெற்றது. மழை இல்லாத மாதத்தில் மழைக்கான வேலையைப் பார்ப்பது எந்தச் சிகரத்தைப் பார்ப்பதைவிடவும் எனக்கு முக்கியம்.

இயற்கைக் காட்சிகளைப் பொறுத்தவரை ஒவ்வொரு மாதமும் ஒன்றைக் கொடுத்து ஒன்றை எடுத்துக்கொள்கிறது. நீல நைலின் திஸ் இசாட் அருவியை நிறைவாகப் பார்க்க மழை முடிந்த கையோடு போக வேண்டும். பெகா முற்ற முற்ற அது நூலாகிவிடும். மின்நிலையங்களுக்கு நீரைத் திருப்புவதால் இன்னும் மெலியும். செப்டம்பர் இறுதியில் மெஸ்கெல் என்னும் சிலுவைத் திருவிழாவின்போது மலையெல்லாம் மஞ்சள் பூ. டிசம்பரில் அது இருக்காது. சிமியென் மலையில் புல் தின்னும் கெலாடா குரங்குக் கூட்டங்களை எந்த மாதமும் பார்க்கலாம், ஆனால் விளிம்பில் நின்று கீழே ஆயிரம் மீட்டரும் அதற்கு மேலும் இறங்கும் பள்ளத்தைப் பார்க்க மேகமற்ற காலை வேண்டும். பிப்ரவரிக்குப் பிறகு புழுதியும் புகையும் சேர்ந்து தொலைவை மங்கலாக்கும். 2019-இல் சிமியென் காடும் புல்வெளியும் பற்றியெரிந்தது அப்படியான உலர்ந்த மாதங்களின் இறுதியில்தான்.

தெற்கே பாலே மலையில் 4,000 மீட்டருக்கு மேல் விரியும் சானெட்டி பீடபூமி எத்தியோப்பிய ஓநாயின் முதன்மைப் புகலிடம். உலகில் எஞ்சியவை ஐந்நூறுக்கும் குறைவு; அதில் பாதிக்கு மேல் பாலேயில். அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் அவை குட்டி போடுகின்றன. பகலில் வெயில் சுடும். இரவில் மேகப் போர்வை இல்லாததால் நிலத்தின் வெப்பமெல்லாம் வானத்துக்குப் போய், விடியலில் புல் உறைந்து கிடக்கும். சமவெளியிலிருந்து போகிற நமக்கு அந்த உயரத்தில் மூச்சு வாங்கும். 3,000 மீட்டருக்கு மேல் போனால் இரவு தங்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் விதி. இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எல்லாவற்றையும்விடக் கடினமான கேள்வி, போகலாமா என்பதுதான். டிக்ரே போர் 2022 நவம்பரில் பிரிட்டோரியா உடன்படிக்கையோடு முடிந்தது. 2023 ஆகஸ்டில் அம்ஹாராவில் அரசுப் படைக்கும் ஃபானோ ஆயுதக் குழுக்களுக்கும் மோதல் வெடித்தது. லாலிபெலா, கோந்தர், சிமியென், தானா ஏரி எல்லாமே அம்ஹாராவில்தான் இருக்கின்றன. வழிகாட்டிகள், கோவேறு கழுதை ஓட்டிகள், மலைப்பாதையில் துப்பாக்கியோடு கூட வரும் காவலர்கள், சிறு விடுதிக்காரர்கள் ஆகியோருக்கு ஆண்டு முழுமைக்குமான வருமானம் இந்த ஒரு பருவத்தில்தான் கிடைக்கும். கொரோனாவும் போரும் அடுத்தடுத்து வந்து அவர்களின் பருவங்களைத் தின்றுவிட்டன. அதனால் துணிந்து போய்விட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். சண்டை நடக்கும் இடத்துக்கு வெளிநாட்டுப் பயணி போனால் ஆபத்து அவரோடு நிற்பதில்லை. அழைத்துப்போகிறவர் மேலும் விழும். அங்கே இருக்கிறவர்களிடமே கேட்டு, அவர்கள் வா என்றால் போக வேண்டும், இப்போது வேண்டாம் என்றால் மறுபேச்சு இல்லாமல் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

வடக்கு அடைத்திருந்தாலும் நாடு முழுக்க அடைத்ததாகிவிடாது. தென்மேற்கில் கஃபாவின் மழைக்காடுகளில் உலர்ந்த பருவம் குறுகியது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரைதான் நம்பலாம். அந்த இடைவெளியில் காப்பிப் பழம் காய்கிறது. இடுப்பளவு உயரத்தில் கழிகள் நட்டு, மேலே வலை விரித்த நீண்ட கட்டில்கள். அவற்றில் ஒற்றை அடுக்காகப் பரப்பிய சிவந்த பழங்கள். பெண்கள் இருபுறமும் நின்று நாள் முழுக்கக் கையால் புரட்டுகிறார்கள். உடைந்தது, பூச்சி அரித்தது, பழுக்காதது எல்லாவற்றையும் விரல் நுனியால் பொறுக்கி எறிகிறார்கள். இரவுப் பனி படாமல் மூடி, காலையில் திறக்கிறார்கள். பழமாகவே காய வைத்தால் இரண்டு மூன்று வாரம்கூட ஆகும். ஒரு நாள் கவனம் தவறினால் புளித்த வாடை ஏறிவிடும். பிறகு எந்த வறுவலும் அதைப் போக்காது. கும்பகோணத்திலும் கோவையிலும் காலையில் டபராவை ஆற்றிக்கொண்டிருக்கும் நமக்கு அந்த விரல்களோடு பழைய உறவு உண்டு.

டிசம்பரின் முதல் பாதியைக் குறித்து வைத்திருக்கிறேன். அடிஸ் அபாபாவில் உடம்பு உயரத்துக்குப் பழகும்வரை இருந்துவிட்டுப் பாலே, பிறகு கஃபா. லாலிபெலாவிலிருந்து வா என்று சொன்னால் கென்னாவுக்காக ஜனவரிக்குத் தள்ளிக்கொள்வேன். நீங்களும் போவதாக இருந்தால் உள்ளூர் வழிகாட்டியை அமர்த்துங்கள், பேசிய கூலியைக் குறைக்காதீர்கள். அறுவடை நடக்கும் வயலுக்குள் கேட்காமல் இறங்காதீர்கள். அங்கே ஆலயத்துக்குள் போகும்போது செருப்பைக் கழற்றச் சொல்வார்கள். தெஃப் களத்தின் ஓரத்தில் யாரும் சொல்லமாட்டார்கள், அங்கேயும் கழற்றிவிடுங்கள்.